எண்ணி முடித்த பிறகு

பதினொன்று என்று சொல்ல ஹேரான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து அந்த எண் வந்துவிட்டது.

பெண் குரல். லேசாகத் தொண்டை கட்டியதுபோல, சொல்லின் கடைசிப் பகுதியைப் பாதி விழுங்கிவிடுகிற குரல். அடுத்து நின்ற சுன்தோக் அதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு என்றாள், பதின்மூன்று ஓடியது, வரிசையின் கடைசியில் நின்ற மியோங்ஜா பதினான்கு என்று கத்தி, வழக்கப்படி "முடிஞ்சது" என்று சேர்த்துக்கொண்டாள். தலைவர் சோக் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லாரும் இருக்கிறோம், கிளம்பலாம் என்று கையைக் காட்டினார். கைத்தடிகளின் இரும்பு முனைகள் தார்த்தரையில் தட்ட, முதுகுப்பைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பனிமூட்டத்துக்குள் நுழைந்தன.

ஹேரான் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒரு பெர்சிமன் மரம் மட்டும் நின்றது. ஈரம் குடித்துக் கறுத்த பட்டை. உச்சிக்கிளையில் பறவைகளுக்கென்று பறிக்காமல் விட்ட நாலைந்து பழங்கள். அதற்கப்பால் மலைக்குப் போகும் பாதையின் வாய். மனிதர் யாரும் இல்லை.

எண்ணிக்கை தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது இரண்டாம் ஞாயிறு மலைச் சங்கத்தின் விதி. தப்பவிட்டவர் எல்லார் முன்னாலும் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். ஆண்களெல்லாம் பட்டாளத்தில் கற்றுக்கொண்டு வந்த பழக்கம் அது. பெண்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. செப்டம்பர் மாதம் ஹேரான் ஒருமுறை தப்பவிட்டாள். அவளுடைய முழங்காலைப் பார்த்துவிட்டுச் சோக், இவங்களுக்கு வேண்டாம், விட்டுடலாம் என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் தாங்குவதற்கு நூறு முறை உட்கார்ந்து எழுந்திருக்கலாம் என்று அவளுக்கு அன்று தோன்றியது.

ஆகவே இன்று அவள் வாயை மூடிக்கொண்டாள். மியோங்ஜா ஏதோ குறும்பு செய்திருப்பாள். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டதே, அதைப் போய் எதற்குக் கலைக்க வேண்டும்.

ஹேரானுக்கு ஐம்பத்தேழு வயது. வோன்ஜு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்தவள். முழங்கால்கள் அங்கேதான் தேய்ந்தன. கணவன் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது. அதன் பிறகு அவளுடைய வீட்டில் பேசுகிற ஒரே குரல், சோறு வெந்துவிட்டது, நன்றாகக் கிளறிவிடுங்கள் என்று சொல்கிற மின்சாரக் குக்கரின் குரல்தான். சரி, கிளறுறேன் என்று பதில் சொல்லும் அளவுக்கு அவள் வந்துவிட்டிருந்தாள். அப்படி ஒருநாள் அவள் குக்கரோடு பேசிக்கொண்டிருந்தபோது துணி கொடுக்க வந்த சலவைக்கடை சுன்தோக், வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுச் சிரித்து, மறுவாரமே அவளைச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள்.

சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பாதை தேடுவது, பேருந்து பேசுவது, முன்னால் நடப்பது எல்லாம் சோக் தன்னார்வமாகச் செய்தார். கடைசியில் நடப்பது மியோங்ஜா. அவளை எல்லாரும் 'வால்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாலுக்கு ஒரே ஒரு சட்டம்: எவ்வளவு மெதுவானவரானாலும் அவரைத் தாண்டிப் போகக் கூடாது. வால் கடந்து போய்விட்டால் அந்தப் பாதையில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

மெதுவானவர்களைச் சங்கம் திட்டாது. சோக் போன் செய்வார். ரொம்பத் தேன் குரலில், ரெண்டு மாசம் ஓய்வு எடுங்க, கால் சரியாகட்டும் என்பார். அதற்குப் பிறகு அரட்டைக் குழுவில் பேருந்துச் செய்தி வருவது நின்றுவிடும். ஓய்வு எடுக்கப்போன யாரும் திரும்பி வந்து ஹேரான் பார்த்ததில்லை. மெதுவானவர்களில் போங்ஹி ஒருத்திக்குத்தான் அந்தப் போன் வரவில்லை என்றார்கள். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற அந்தப் போங்ஹி, ஜூன் மாதம் வரைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் நிற்க வைத்தவளாம். இப்போது தலைவருக்கு நேர் பின்னால், மூச்சுக்கூட வாங்காமல், கன்னம் சிவக்க நடக்கிறாள். மலை அவளைக் குணமாக்கிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள்.

இன்று காலை பேருந்தில் சுன்தோக், பாதி விளையாட்டும் பாதிக் கிள்ளலுமாகச் சொல்லியிருந்தாள்.

"அக்கா, இன்னிக்காவது கொஞ்சம் காலை வீசி நடங்க. போன தடவ உங்களால வாத்துக்கறிக் கடைல நம்ம மேசையத் தூக்கி வேற கும்பலுக்குக் குடுத்துட்டான். நான்தான கூட்டிட்டு வந்தேன், எம் மூஞ்சியப் பாக்கறாங்க."

நடக்கிறேன் என்று ஹேரான் சிரித்தாள். வலி மாத்திரை இரண்டு போட்டிருந்தாள். இந்த ஞாயிறும் போய்விட்டால் குக்கர்தான்.

ஏற்றம் முதலில் சாதுவாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கருவாலி மரங்கள். இலைகளெல்லாம் உதிர்ந்து, ஈரத்தில் ஊறிய தோல்போல வழுவழுப்பாகப் பாதையில் படிந்திருந்தன. ஒவ்வொரு அடிக்கும் அடியிலிருந்து மட்கிய இலையின் புளித்த வாசனை கிளம்பியது. முன்னால் போகிறவர்களின் பேச்சு, சிரிப்பு, யாரோ ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த சின்ன ரேடியோவின் பாட்டு, எல்லாம் பனிக்குள்ளிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்ததுபோல மங்கி மங்கி வந்தன. கிளைகளில் பல சங்கங்கள் கட்டிவிட்டுப் போன வழிகாட்டி ரிப்பன்கள் அசையாமல் தொங்கின. ஹேரான் தடியை ஊன்றினாள், நல்ல காலை வைத்தாள், கெட்ட காலை இழுத்தாள். தடி, கால், இழுப்பு. பின்னால் மியோங்ஜா வாய் ஓயாமல் வந்தாள்.

"ஏ ஹேரான், நத்தை ஒண்ணு நம்மளத் தாண்டிப் போச்சு, பாத்தியா? கும்பிடு போட்டுட்டுப் போச்சு."

அறுபத்துநாலு வயதுக்காரி சொல்வதற்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஹேரான் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு அது உறைத்தது. அவளுடைய தடியின் சத்தம் இரண்டு முறை கேட்டது. தடி, கால், இழுப்பு. உடனே இன்னொரு தடி, கால். இழுப்பு இல்லை. பின்னாலிருந்து அல்ல, முன்னால் இருந்து. பத்தடி முன்னால் பனிக்குள் யாரோ அவளுடைய தாளத்திலேயே, ஆனால் வலியில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் யார் போகிறார்கள் என்று மியோங்ஜாவைக் கேட்டாள். மியோங்ஜாவின் பேச்சு நின்றது. அது நின்ற பிறகுதான், காலையிலிருந்து அது நிற்கவே இல்லை என்பது தெரிந்தது.

"முன்னாடி போறவங்களப் பத்தி உனக்கென்ன," என்றாள் மியோங்ஜா. "உன் அடியப் பாத்து வை."

மலைக்கணவாயில் இரண்டாவது எண்ணிக்கை. பனி அங்கே பாலாய் நின்றது. முன்வரிசைக்காரர்கள் வெறும் குரல்களாகவே இருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஹேரான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். பத்து என்று கேட்டதும் தன்னால் முடிந்த மட்டும் உரக்கப் பதினொன்று என்றாள். அதே கணத்தில், அதே மூச்சில், முன்னாலிருந்தும் பதினொன்று வந்தது. தொண்டை கட்டிய குரல். கடைசிப் பகுதியைப் பாதி விழுங்குகிற குரல்.

பிறகு சுன்தோக் பன்னிரண்டு என்றாள்; அவள் குரலும் முன்னாலிருந்துதான் வந்தது.

முடிந்தது என்று மியோங்ஜா ஹேரானின் காதருகே கத்தினாள். யாரும் மறுபடி எண்ணச் சொல்லவில்லை.

சமதளத்தில் சாப்பாட்டுப் பாய்களை விரித்திருந்தார்கள். ஹேரான் போய்ச் சேர்ந்தபோது பாதிச் சாப்பாடு முடிந்திருந்தது. கிம்ச்சி ஊறுகாயின் காரப் புளிப்பும், எள்ளெண்ணெய் தடவிய கிம்பாப் சோற்று உருளைகளும், சூடான நூடுல்ஸ் கோப்பைகளின் ஆவியும், சிந்திய மக்கொல்லிக் கள்ளின் வாசனையும் சேர்ந்து அந்தப் பனியிலும் ஒரு வீடு மாதிரி இருந்தது அந்த இடம். எல்லாரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சுன்தோக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எங்க எந்திரிச்சுப் போனீங்க அக்கா? அந்தத் தலைமையாசிரியர் கதைய முடிங்க. சூப் அண்டாவுல பொய்ப்பல்லு விழுந்திச்சு, அப்புறம்?"

ஹேரான் நின்றாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். சமையற்கட்டில் அவள் கண்ணால் பார்த்தது. கணவனைத் தவிர ஒருவரிடமும் அதை அவள் சொன்னதில்லை.

"நான் இப்பத்தான வர்றேன்," என்றாள்.

அதற்கும் சிரித்தார்கள். இன்றைக்கு ஹேரான் அக்காவைப் பிடிக்க முடியவில்லை, நாலு மாதமாக இந்த வாயை எங்கே ஒளித்து வைத்திருந்தாள் என்று ஒருவர் கேட்டார். தாமரைத்தண்டு வறுவல் தேனாக இருந்தது என்று போங்ஹி விரலை நக்கினாள். பாயின் நடுவே ஒரு டப்பா காலியாகக் கிடந்தது. சோயாச் சாற்றில் பளபளக்க வறுத்த தாமரைத்தண்டின் ஒரு துண்டு மட்டும் ஓரத்தில் ஒட்டியிருந்தது. ஹேரான் அதைப் பார்த்தாள். அவளுடைய முதுகுப்பையின் அடியில், துணியில் முடிச்சிட்டபடி, அவளுடைய டப்பா கனத்தது. விடியற்காலை எழுந்து வறுத்தது. அதை அவள் இன்னும் திறக்கவே இல்லை.

உட்கார இடம் தேடினாள். பாயில் இடம் இல்லை. யாரும் வேண்டுமென்று தடுக்கவில்லை. முழங்கால்கள் நெருங்கியிருந்தன, அவ்வளவுதான். சுன்தோக்கின் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு வெறுமை. அங்கே ஒரு கோப்பை கள், பாதி குடித்தது. அங்கே உட்காரப்போனபோது சுன்தோக் சட்டென்று கையை விரித்து அந்த இடத்தை மூடினாள். மூடிய பிறகு தன் கையையே அவள் குழப்பமாகப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில் போங்ஹியிடம் யாரோ பழைய கதையைக் கிளறினார்கள். இடுப்பு அறுவைசிகிச்சைக்குப் பிறகு எப்படி ஊளையிட்டாய், ஞாபகம் இருக்கிறதா என்றார்கள். போங்ஹி தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"எனக்கா?" என்றாள் புன்னகையோடு. "எந்த ஆஸ்பத்திரியில?"

சிரிப்பு. சோக் சிரிக்கவில்லை. அவர் ஹேரானைப் பார்த்துக்கொண்டிருந்தார், நோயாளியின் வீட்டுக்காரர்களை டாக்டர் பார்ப்பதுபோல.

ஹேரான் ஓரத்துப் பாறையில் தனியாக உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்து, பசியே இல்லாமல் இரண்டு துண்டு தின்றாள். உப்பே இல்லை. உப்புப் போட்டது நன்றாக நினைவிருந்தது.

இறக்கத்தில் முழங்கால் விட்டுவிட்டது. மணி மூன்றைத் தாண்டியிருக்கும். ஒரு வேரில் தடி வழுக்கியது, கால் மடங்கியது, உள்ளே ஏதோ ஈரத்துணியைக் கிழிப்பதுபோல விலகியது. அவள் பாதையோரம் சரிந்து உட்கார்ந்தாள். வலிக்கு முன்பே வந்தது வெட்கம். மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தாள். முன்னால் போனவர்களின் சத்தம் ஏற்கெனவே கீழே போய்விட்டிருந்தது.

மியோங்ஜா பக்கத்தில் வந்து நின்றாள். முதல்முறையாக அவள் நக்கலடிக்கவில்லை.

"ரொம்ப வலிக்குதா?"

கொஞ்சம்தான், ஒரு நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்றாள் ஹேரான்.

"உக்காரு," என்றாள் மியோங்ஜா. "நல்லா உக்காரு."

ஹேரானின் காலரை ஒரு தாய்போலச் சரிசெய்தாள். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு, பாதையில் ஓர் அடி வைத்தாள். இன்னொரு அடி.

வால் அவளைக் கடந்துவிட்டது.

ஹேரானுக்கு முதலில் அது புரியவில்லை. மியோங்ஜாவின் முதுகுப்பையில் தொங்கும் மஞ்சள் மணியை இதற்கு முன் அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வழியே இல்லை. மியோங்ஜா எப்போதும் பின்னால்தான் நடப்பாள். நாலடி போய் அவள் திரும்பினாள். ஹேரானின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வால் பேசறேன் தலைவரே. பின்னாடி யாரும் இல்ல. பாதை காலி."

கரகரவென்று ஒரு பதில். நன்றி என்பது மட்டும் கேட்டது.

"அக்கா," என்றாள் ஹேரான். "நான் இங்க இருக்கேன்."

மியோங்ஜா கண்ணை எடுக்கவில்லை. அவள் கண்ணில் ஈரம்கூட இருந்தது. பிறகு மணி கிணுகிணுத்தபடி பனிக்குள் இறங்கிப் போனாள்.

ஹேரான் எழுந்தாள். விழுந்தாள். எழுந்தாள். போனை எடுத்தாள், மலைக்கு இந்தப் பக்கம் சிக்னல் கோடுகள் கிடையாது. கத்தலாம். ஆனால் எதைச் சொல்லிக் கத்துவது? என்னை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றா? நாலு மாதமாக எல்லாரையும் காக்க வைத்தவள் எந்த வாயால் அதைச் சொல்வது? அவள் தடியைப் பிடித்து இறங்கினாள். பின்பக்கமாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கினாள். கையில் சேறு. நகத்துக்குள் சேறு. வெளிச்சம் மெல்ல மெல்லச் சாம்பலாகியது. பேருந்து ஐந்தரைக்குக் கிளம்பும். எண்ணாமல் கிளம்பாது. எண்ணும்போது ஒன்று குறையும். குறைந்தால் தேடுவார்கள். விதி அப்படி. பதினொன்று வராது. வராவிட்டால் நிற்பார்கள்.

வராவிட்டால்.

அவள் வேகமாக இறங்கினாள்.

கடைசி வளைவில் பேருந்தின் எஞ்சின் உறுமல் கேட்டது. டீசல் வாசனை. அவ்வளவு நல்ல வாசனையை அவள் வாழ்நாளில் முகர்ந்ததில்லை. மரங்களுக்கு இடையில் முகப்பு விளக்கின் மஞ்சள். அதில் வரிசையாக நிழல்கள்.

ஏழு. எட்டு. ஒன்பது. பத்து.

"பதினொண்ணு."

பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. முடிந்தது.

ஹேரான் வெளிச்சத்துக்குள் வந்து விழுந்தாள்.

யாரும் பதறவில்லை. பதினான்கு முகங்களும் திரும்பின. அவற்றில் ஒன்று அவளுடையது. அந்த முகம் நன்றாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அதே ஊதா நிறச் சட்டை, ஆனால் நிறம் சற்று வெளிறி, பலமுறை துவைத்த நினைவுபோல. ஜிப் இருக்க வேண்டிய இடத்தில் ஜிப் இல்லை. ஜிப் மாதிரி ஒரு கோடு இருந்தது. காலணிகளும் அப்படித்தான். கயிறு இல்லை. கயிறுகளின் உருவம் இருந்தது. அவை முடிந்த இடத்தில் தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. அது சுன்தோக்கின் கையைக் கோத்துக்கொண்டு நின்றது.

"பதினொண்ணு," என்றாள் ஹேரான் தரையிலிருந்து. "நான்தான் பதினொண்ணு."

சோக் வந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். முழங்காலில் கையை வைத்து, வீக்கத்தை மெதுவாக அழுத்திப் பார்த்தார்.

"எண்ணி முடிச்சாச்சுங்க," என்றார்.

மறுபடி எண்ணச் சொல்லிக் கெஞ்சினாள். ஒரே ஒரு முறை. வேண்டுமானால் பத்துமுறை உட்கார்ந்து எழுகிறேன் என்றாள். யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். யாரோ கடிகாரத்தைப் பார்த்தார். சோக் பெருமூச்சு விட்டுத் திரும்பினார்.

"சுன்தோக், நீங்கதான இவங்களச் சேர்த்துவிட்டீங்க. நீங்களே சொல்லிருங்க. ஒரு சீட்டுதான் இருக்கு."

சுன்தோக் இருவரையும் பார்த்தாள். கோத்த கை ஒரு கணம் தளர்ந்தது. தெரிகிறது அவளுக்கு. எது எது என்று அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. ஹேரான் அதைப் பார்த்தாள். ஒரு நம்பிக்கை பொங்கி வந்தது.

"சுன்தோக், நீயே சொல்லு. என் வீட்டுக் கதவுப் பூட்டு நம்பரக் கேளு. அதுக்குத் தெரியாது."

"பூஜ்யம், ஏழு, ஒண்ணு, எட்டு," என்றது அது, சந்தோஷமாக. "எங்க வீட்டுக்காரர் பொறந்தநாள். குக்கரைக்கூட நான் ஆன் பண்ணணும், நேரமாச்சு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அது பரவியது. சுன்தோக்கின் முகத்திலும் அது தொற்றியது, அழுகையோடு.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் அவள் ஹேரானிடம். "இன்னிக்கு ரொம்ப ஜாலியா இருந்துச்சு. எத்தன நாளாச்சு தெரியுமா நான் இப்படிச் சிரிச்சு? உங்களோட வந்தா... ஒவ்வொரு தடவையும் நான்தான் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

பிறகு தன் கோத்த கையை இறுக்கிக்கொண்டாள்.

ஒவ்வொருவராகப் பேருந்தில் ஏறினார்கள். ஏறுவதற்கு முன் அவளைத் தாண்டும்போது மரியாதையாகத் தலையைக் குனிந்தார்கள், துக்க வீட்டில் குனிவதுபோல. போங்ஹி மட்டும் அவளைப் பார்க்கவில்லை. மலையின் பக்கமே பார்க்கவில்லை.

சோக் இன்னும் குந்தியிருந்தார்.

"அவங்களுக்குக் குளிரும்," என்றார். "வீட்டுக்குப் போறவங்களுக்கு நெஜமான உடுப்பு வேணும். தப்பா நெனைக்காதீங்க."

ஹேரானுக்கு அது ஒரு நியாயமான வேண்டுகோள்போலவே கேட்டது. அதுதான் பயங்கரம். பேருந்து காத்திருக்கிறது. பதின்மூன்று பேர் காத்திருக்கிறார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார். அவளுடைய விரல்கள் தாமாகவே ஜிப்பைத் தேடின. தாமதமாகிறது, தாமதமாகிறது என்று ஏதோ ஒன்று அவளுக்குள் பதறியது. சட்டையைக் கழற்றினாள். போன் அதன் பையில் இருந்தது; அதோடு சேர்த்தே கொடுத்தாள். காலணிக் கயிற்றில் சேறு இறுகியிருந்தது. முடிச்சு வரவில்லை. மன்னிச்சுக்கோங்க, ஒரு நிமிஷம் என்றாள். சோக் பொறுமையாக உதவினார். இரண்டு காலணிகளையும் கயிற்றால் ஒன்றாகக் கட்டி, அடியில் இருந்த சேற்றை இலையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சிரமம் குடுத்துட்டேன்," என்றாள்.

"இல்லீங்க," என்றார் சோக். "நல்லா ஓய்வு எடுங்க."

கதவு மூடியது. ஜன்னலோரம் ஏழாவது வரிசையில் அது உட்கார்ந்து ஊதாச் சட்டையின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தது. இறக்கியது. மறுபடி இழுத்தது. அந்த ஓசையை ரசிக்கிற குழந்தையைப்போல. பக்கத்தில் சுன்தோக் ஆரஞ்சு உரித்துச் சுளையை அதன் வாயில் வைத்தாள். பேருந்து திரும்பியது. சிவப்பு விளக்கு இரண்டும் ஒன்றாகி, புள்ளியாகி, பனியில் கரைந்தன.

அப்போதுதான் ஹேரான் கத்தினாள். வாய் திறந்தது. தொண்டை விரிந்தது. சத்தம் வரவில்லை. ஆவி மட்டும் வந்தது.

குளிர் தரையிலிருந்து ஏறியது. காலுறை நனைந்தது. இருட்டு.

பின்னால் ஈர இலைகள் அழுந்தின.

பாதையின் வாயிலிருந்து. மெதுவாக. ரொம்ப மெதுவாக. ஒன்றல்ல.

அவள் திரும்பினாள். ஒற்றை வரிசையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். சட்டை இல்லாமல், உள்பனியன்களோடு. காலணி இல்லாமல். சிலருக்குக் காலுறை இருந்தது, சிலருக்கு அதுவும் நைந்துபோய்க் கணுக்காலில் வளையமாகத் தொங்கியது. ஒருத்தி இடுப்பைப் பிடித்திருந்தாள். ஒருவர் நெஞ்சைப் பிடித்திருந்தார். ஒரு கிழவர் இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று, மூச்சு விடுவதுபோல வாயைத் திறந்து மூடினார், மூச்சு வரவில்லை. கடைசியில் வந்தவர் வரும்வரை முன்னால் வந்தவர் ஒவ்வோர் அடியிலும் நின்றார். அத்தனை பேரும் நின்றார்கள்.

அவளருகே வந்ததும் வரிசை விலகி, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டது. ஈரமான ஒரு கை அவளுடைய அக்குளுக்குள் நுழைந்து தூக்கியது. இன்னொரு கை மறுபக்கம். அவளை மெல்ல மலையைப் பார்க்கத் திருப்பினார்கள்.

அவள் கெட்ட காலை இழுத்தாள். வரிசை முழுவதும் ஓர் அடி வைத்தது. அவள் நின்றாள். வரிசை நின்றது. எத்தனை நேரம் நின்றாலும் நின்றது. இருட்டில் அத்தனை முகங்களும் அவளை நோக்கிச் சாய்ந்து, பொறுமையாக, கனிவாக, அவளுடைய அடுத்த அடிக்காகக் காத்திருந்தன.